மொன்றியலில் ஜப்பான் பாட்டுக்கு இரண்டாம் குரல்

அண்ணனுக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார்கள். பாரிசவாதம். வலது கையும் காலும் இழுத்துவிட்டன. ஆறு கிழமை கழித்து, பங்குனி மாதத்தில், நான் மொன்றியலில் போய் இறங்கினேன். நான் பார்த்த முதல் வெளிநாடு அது. கடைசியும் அதுவாகத்தான் இருக்கும்.

விமான நிலையத்துக்கு அண்ணனின் மகள் மதுரா வந்திருந்தாள். அவளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். வெளிக்கதவு திறந்ததும் குளிர் மூக்குக்குள் ஏறியது. ஐஸ் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டதுபோல் இருந்தது. திருகோணமலையில் மீன் வாடியில் வேலை செய்கிற எனக்கு அது பழக்கம். ஆனால் வாடியில் தலையை வெளியே எடுக்கலாம்.

காரில் போகும்போதே விஷயத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வைத்தியசாலையில் ஒரு கூட்டம். நாம் சொல்வது அப்பாவுக்கு விளங்குகிறதா இல்லையா என்று அன்றைக்கு முடிவு எழுதுவார்கள். விளங்குகிறது என்றால் பேச்சுப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும். பயிற்சி முடிய வீட்டுக்கு வரலாம். விளங்கவில்லை என்றால், நினைவு தப்பியவர்களை வைத்திருக்கும் இல்லத்துக்கு அனுப்புவார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வருவது குறைவு.

"அம்மாவும் வேல, நானும் வேல. வீட்டில தனிய விடவும் ஏலாது சித்தப்பா," என்றாள். "உங்களக் கண்டாலாவது ஏதும் கதைப்பார் எண்டுதான் கூப்பிட்டது."

அன்று செவ்வாய்க்கிழமை. நேரே வைத்தியசாலைக்குப் போனோம்.

அண்ணன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது. பிறகு ஏதோ சொன்னார். தமிழ் இல்லை, சிங்களம் இல்லை. பிரெஞ்சும் இல்லை என்றாள் மதுரா. ஒரு வரி நீளம் இருக்கும். சொல்லிவிட்டு நிறுத்தினார். என் வாயையே பார்த்தார்.

"அண்ணை, நான் சின்னவன் வந்திருக்கிறன்," என்றேன்.

கண்ணை மூடித் தலையை ஆட்டினார். திரும்பவும் அதே வரி. திரும்பவும் நிறுத்தம். நான் என்ன சொல்வது. கையை விட்டுவிட்டார்.

நாள் முழுக்க இதுதான் என்றாள் மதுரா. பொருளில்லாத சத்தம் என்று கோப்பில் எழுதிவிட்டார்களாம். நடுவில் நிறுத்திவிட்டு வெறித்துப் பார்க்கிறாரே, அப்போது மனம் வெறுமையாகிவிடுகிறது என்று நினைக்கிறார்களாம்.

அண்ணி வேலை முடிந்து நேரே வந்தா. என்னைக் கண்டு அழவில்லை. அவ அழுகிற ஆள் இல்லை. "அனத்தா, அனத்தா எண்டுறார் தம்பி. பேக்கரியில கூட வேல செய்த ஆரும் பொம்பிளையோ தெரியா. நீ எண்டாலும் கேட்டுச் சொல்லு," என்றா. மதுரா தலையில் கை வைத்தாள்.

அவர்கள் வீடு மொன்றியல்-நோரில், மூன்றாம் மாடி. படிக்கட்டு வீட்டுக்கு வெளியே இருக்கிறது. இரும்புப் படி. அதில் உறைபனி. வழுக்காமலிருக்க உப்பு போட்டிருந்தார்கள். நாங்கள் கருவாட்டுக்குப் போடும் உப்பை இவர்கள் படிக்குப் போடுகிறார்கள். கல்லுப்பு, நல்ல உப்பு.

அண்ணி புட்டு அவித்து, பாரை மீன் குழம்பு வைத்திருந்தா. வாயில் வைத்ததும் தெரிந்தது. அந்த மீன் என்னைவிடக் கூடத் தூரம் வந்திருக்கும். சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது.

மறுநாள் புதன். இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அண்ணி பஸ் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதித் தந்திருந்தா. முன்கதவால் ஏற வேண்டும், பின்கதவால் இறங்க வேண்டும். ஏறும்போது சாரதிக்கு "போன்ஜூர்" சொன்னேன். அவரும் சொன்னார். எங்கள் ஊரில் சாரதிக்கு வணக்கம் சொன்னால் கடன் கேட்க வந்தவன் என்று நினைப்பார்கள்.

இருக்க இடம் இருந்தது. இருந்தாலும் நான் பின்கதவருகே நின்றேன். அது எனக்குப் பழைய இடம். ஒன்பது வருடம் வான் கதவில் தொங்கியவன் நான்.

அந்தக் கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும். திருகோணமலை – குச்சவெளிப் பாதையில் எங்களுக்கு ஒரு ஜப்பான் வான் ஓடியது. அண்ணன் சாரதி, நான் கொண்டக்டர். ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டுக் கொடுத்த வான். கப்பலில் வந்து இறங்கியபோதே அதன் பாட்டுச் செற்றுக்குள் ஒரு கசெற் இருந்தது. வெளியே எடுக்க வரவில்லை. முன்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டும் என்றார் திருத்துகிறவர். அண்ணன், அது பாட்டுக்குப் பாடட்டும் என்று விட்டுவிட்டார்.

அது பாடியது. இரண்டு ஆண் குரல்கள். ஒருவர் ஒரு வரி பாடுவார், மற்றவர் பதில் சொல்வார், பிறகு சேர்ந்து பாடுவார்கள். ஒரு பக்கம் ஆறு பாட்டு, மறுபக்கம் ஆறு. பக்கம் தானாக மாறும். ஒரு நாளைக்கு எட்டு முறை கேட்போம். பாடுகிறவர்கள் பெயர் தெரியாது, பொருளும் தெரியாது.

அப்போது அந்தப் பாதையில் நான்கு இடத்தில் ஆமிக்காரர் மறிப்பார்கள். தமிழ்ப் பாட்டுப் போட்டால் என்ன பாட்டு, யார் பாட்டு என்று கேள்வி வரும். சிங்களப் பாட்டுப் போட்டால் வானுக்குள் முகம் சுளிப்பார்கள். ஜப்பான் பாட்டில் யாருக்கும் பிழை பிடிக்கத் தெரியவில்லை. ஒருநாள் ஒரு ஆமிக்காரர் இது என்ன பாட்டு என்று கேட்டார். ஜப்பான்காரர் பன்சாலையில், புத்த கோயிலில், பாடுகிற பாட்டு என்றார் அண்ணன். அந்த ஆள் தொப்பியைக் கழற்றினார். அதற்குப் பிறகு எங்கள் வானைத்தான் முதலில் விடுவார்.

எங்களுக்குப் பன்னிரண்டும் மனப்பாடம். ஸ்டியரிங்கில் அண்ணன் முதற்குரல். கதவில் நான் இரண்டாம் குரல். ஆள் ஏற்றும் அவசரத்தில் நான் பதில் சொல்ல மறந்தால் அண்ணன் பாட்டை நிறுத்திவிடுவார். கசெற் அது பாட்டுக்குப் போகும். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி இருப்பார். நான் என் வரியைச் சொன்ன பிறகுதான் அடுத்த வரிக்குப் போவார். அப்படிப் பிடிவாதம்.

பிறகு அண்ணன் கனடா போனார். வான் பழைய இரும்பாகிக் கழிந்தது. நான் அந்தப் பாட்டுகளை மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

மொன்றியல் பஸ் ஒரு வளைவில் திரும்பியது. மேல் கம்பியைப் பிடித்திருந்த என் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. பழைய பழக்கம். எதற்குத் தட்டுகிறேன் என்று பார்த்தேன். முதல் பக்கம், முதல் பாட்டு. அண்ணன் நேற்றுச் சொன்ன வரியை அந்தத் தட்டில் வைத்துப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்தது. அவருக்கு ராகம் போய்விட்டது, நாக்கு தடித்துவிட்டது. ஆனால் வரி அதே வரி. அவர் வெறித்துப் பார்க்கவில்லை. என் பதிலுக்கு நின்றிருக்கிறார். ஆறு கிழமையாக, கேட்டவர் எல்லோரிடமும் நின்றிருக்கிறார்.

"இறக்கம்," என்று கத்திவிட்டேன்.

வைத்தியசாலை நிறுத்தத்தில் பஸ் நின்றது, கதவு திறக்கவில்லை. மேலே பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. சாரதி திறப்பார் என்று நின்றேன். பஸ் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்திலும் அப்படி. பஸ்ஸின் பக்கத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். சாரதி ஒலிபெருக்கியில் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மூன்றாம் நிறுத்தத்தில், சந்தைப் பையோடு நின்ற ஹெயிற்றிக்கார அம்மா ஒருவர் என் தோளுக்கு மேலால் கையை நீட்டிக் கதவைத் தொட்டார். திறந்துகொண்டது. தொட்டால் திறக்கிற கதவாம். கொண்டக்டர் வேலை பார்த்தவனுக்குக் கதவு திறக்கத் தெரியவில்லை. "மெர்சி," என்றேன். அவர் என்னை மெதுவாக வெளியே தள்ளிவிட்டார்.

உருகிய பனிச் சேற்றில் திரும்பி நடந்தேன். சப்பாத்துக்குள் தண்ணீர்.

அண்ணன் அதே ஜன்னலில் இருந்தார். என்னைக் கண்டதும் அந்த வரியைச் சொன்னார். நிறுத்தினார். நான் கதவடியில் நின்றபடியே பதில் வரியைச் சொன்னேன். குரல் கரகரத்தது. ஆனால் சொல்லிவிட்டேன்.

அண்ணனின் முகத்தில் இடது பாதிதான் அசையும். அந்தப் பாதி முழுவதும் அசைந்தது. உடனே மூன்றாம் வரிக்குப் போனார். இந்த முறை ராகமும் வந்தது. மூன்றாம் வரியில் கசெற் நாடா நசிந்து பாட்டு இழுபடும். அண்ணனும் இழுத்தார். அதற்குப் பின் அரை வரி நாடாவில் இல்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் தாண்டினோம். பாட்டு முடியும் வரை போனோம். முடிந்ததும் அவர் இரண்டாம் பாட்டைத் தொடங்கினார். மருந்து வண்டியோடு வந்த தாதி வாசலில் நின்றுவிட்டார்.

தாதி தொலைபேசியில் சொல்ல, மதுரா வேலையிலிருந்து ஓடி வந்தாள். பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணையும் கூட்டி வந்தாள். கண்ணாடி போட்ட, நிதானமான பெண். அவர் சொன்னதை மதுரா எனக்குத் தமிழில் சொன்னாள். பேச்சுப் போனாலும் பாட்டு தங்குவது உண்டாம். அது மூளையில் வேறு பக்கத்தில் இருக்கிறதாம். நல்ல விஷயம்தானாம். ஆனால் பாடுவதை வைத்து விளங்குகிறது என்று எழுத முடியாது. கிளியும் பாடும். அதோடு, இது உண்மையான மொழிதானா என்றும் தெரிய வேண்டும். தம்பி சொன்னார் என்று கோப்பில் எழுத முடியாது.

நியாயம்தான். நானும் ஆள் சொன்னதைக் கேட்டு மீன் வாங்குவதில்லை.

மதுரா தன் தொலைபேசியை என் வாய்க்கு நேரே பிடித்தாள். பாடினால் என்ன பாட்டு என்று அதுவே சொல்லுமாம். மூன்று முறை பாடினேன். அதற்குத் தெரியவில்லை.

வியாழன் மதியம் மெற்றோவுக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனாள். கடைக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். முதலில் சாப்பிடுவோம், பிறகு கேட்போம் என்றாள் மதுரா. பெரிய கோப்பை நிறைய நூடில்ஸ், சூப், பாதி வெந்த முட்டை. முட்டையை ஒதுக்கினேன். சூப்பைக் குடித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். மாசி. எங்கள் சம்பலுக்கு இடித்துப் போடுகிற அதே மாசிக்கருவாடு. கேட்கச் சொன்னேன். கடைக்காரம்மா உள்ளே போய் ஒரு கட்டை கொண்டுவந்து காட்டினார். மரத்துண்டுபோல் இருந்தது. வாங்கி முகர்ந்து பார்த்தேன். நல்ல மாசி. அவர்கள் சீவுகிறார்கள், நாங்கள் இடிக்கிறோம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கேட்பது எளிதாக இருந்தது. இவருக்கு ஒரு பாட்டுத் தெரியும், கேட்டுச் சொல்வீர்களா என்றாள் மதுரா. வெட்கமாகத்தான் இருந்தது. கோப்பையைப் பார்த்துக்கொண்டு முதல் வரியைப் பாடினேன். இரண்டாம் வரிக்கு வாய் திறக்குமுன் அடுக்களைக்குள்ளிருந்து ஒரு ஆணின் குரல் பதில் சொன்னது. சமையல்காரர். ஆளைக் காணவில்லை, வதக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் மூன்றாம் வரி பாடினேன். அவர் நான்காவது பாடினார். கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவர் சொன்னதை மதுரா சொன்னாள். ஜப்பானில் அவர் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. இரண்டு ஆண்கள் சேர்ந்து பாடிப் புகழ் பெற்றவர்கள். அவர்கள் பாடியது முழுக்கக் காதல் பாட்டுத்தானாம். கல்யாண வீட்டில் பாடுவார்களாம். இந்தப் பாட்டில் மழை பெய்கிறது. ஒருவர் மற்றவரை வீடு வரை கொண்டுபோய் விடுகிறார். இரண்டு பேரும் நனைகிறார்கள். நான் ஒரு இடத்தில் அரை வரி விடுகிறேனாம். குடையை வேண்டுமென்றே மறந்துவிட்டு வந்தேன் என்பது அந்த அரை வரி. ஒன்பது வருடம் ஏன் நனைகிறார்கள் என்று தெரியாமலே பாடியிருக்கிறோம்.

தொப்பியைக் கழற்றிய ஆமிக்காரரை நினைத்துக்கொண்டேன்.

அனத்தா யார் என்றும் கேட்கச் சொன்னேன். ஆள் இல்லையாம். 'நீங்கள்' என்று பொருளாம். மனைவி கணவனைக் கூப்பிடுவதும் அப்படித்தானாம். கடைக்காரம்மா வரிகளை முழுவதும் எழுதி, பாட்டின் பெயரையும் எழுதித் தந்தார்.

அன்று பின்னேரம் அண்ணியிடம் சொன்னேன். "அப்ப பொம்பிளை ஒருத்தியும் இல்ல," என்றா. பிறகு, "நான் கூப்பிட வேண்டியத அவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்," என்றா.

வெள்ளிக்கிழமை கூட்டம் பத்து மணிக்கு. ஒரு மேசையைச் சுற்றி வைத்தியர், பயிற்சிப் பெண், இன்னும் மூன்று பேர். ஜன்னல் பக்கம் நாங்கள். மதுரா கடைக்காரம்மாவின் தாளைக் கொடுத்து, தொலைபேசியில் பாட்டையும் போட்டுக் காட்டினாள். வைத்தியர் வயதானவர். தலையாட்டினார். பிறகு அண்ணனிடம் கையைத் தூக்கச் சொன்னார். மதுரா தமிழில் சொன்னாள். அண்ணன் தூக்கவில்லை. கண்ணை மூடு என்றார். மூடவில்லை. மேசையில் இருக்கிற பேனையைக் காட்டு என்றார். அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். வைத்தியர் ஒவ்வொன்றுக்கும் ஏதோ எழுதினார். அண்ணி அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தா.

பயிற்சிப் பெண் எங்களைப் பாடச் சொன்னார்.

அண்ணன் முதல் வரியைப் பாடி நிறுத்தினார். அத்தனை பேர் பார்க்கிறார்கள். நான் மூன்றாம் பாட்டின் பதிலைச் சொல்லிவிட்டேன். பாதியில்தான் எனக்கே தெரிந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணன் நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார். தலையை ஆட்டினார். ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார்.

பயிற்சிப் பெண் எழுந்து மதுராவின் காதில் ஏதோ சொன்னார். மதுரா என் காதில் சொன்னாள். "இன்னொருக்காப் பிழை விடுங்கோ சித்தப்பா. தெரியாத மாதிரி. சின்னப் பிழை."

அது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. இரண்டாம் பாட்டில் ஒரு சொல்லை இடம் மாற்றினேன். அண்ணன் அந்த இடத்திலேயே நிறுத்தினார். அடித்தார். விரலைத் தூக்கினார். மூன்றாம் முறை என் வரியைச் சொல்லாமல் அவருடைய வரியையே திருப்பிச் சொன்னேன். அப்போது என்னைப் பார்த்தார் பாருங்கள். ஒன்பது வருடம் வான் கண்ணாடியில் கண்ட பார்வை. இந்த மடையனை வைத்துக்கொண்டு எப்படித் தொழில் செய்வது என்கிற பார்வை.

வைத்தியர் சிரித்துவிட்டார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. முன்னர் எழுதியிருந்ததை வெட்டி, வேறு எழுதினார். மற்றவர்களும் எழுதினார்கள். நிறைய நேரம் பிரெஞ்சில் பேசினார்கள்.

மதுரா தாய் பக்கம் திரும்பினாள். "பயிற்சி குடுக்கினம் அம்மா. மூண்டு மாசம். இல்லத்துக்கு அனுப்பேல்ல."

"எழுதிப்போட்டினமோ?"

"ஓம். எழுதியாச்சு."

அண்ணி வெளியே நடையில் போய் ஒரு கதிரையில் இருந்தா. குளிர்ச் சப்பாத்து இரண்டையும் கழற்றி, வெறுங்காலைத் தரையில் வைத்துக்கொண்டு இருந்தா. நான் பக்கத்தில் இருந்தேன். மதுரா வாங்கி வந்த பாண் ரொட்டி முழுவதையும் நானே சாப்பிட்டுவிட்டேன். அந்த ஊருக்கு வந்து அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

அதற்குப் பிறகு நாட்கள் லேசாகப் போயின. ஞாயிறு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் முருகன் கோயிலுக்குப் போனோம். பனி மலைபோல் குவித்த இடத்தில் கார்களை விட்டுவிட்டு, மேற்சட்டைக்குள் பட்டுச் சேலையோடு ஓடுகிறார்கள். பொங்கல் சூடாக இருந்தது. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மனைவி, அண்ணை எப்படி என்று கேட்டா. என்னில் பிழை பிடிக்கிறார் என்றேன். அப்ப சுகம்தான் என்றா.

பயிற்சி தொடங்கியது. பயிற்சிப் பெண் அந்தப் பாட்டின் ராகத்தில் தமிழ்ச் சொற்களை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். தேத்தண்ணி. காலை நீட்டு. வலிக்குது. சும்மா கேட்டால் அண்ணனுக்கு வராது. மழைப் பாட்டில் வைத்தால் வரும். ஆனால் பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் அதோடு நின்றுவிடுவார்.

எனக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. நான் போன பின் யார் பதில் சொல்வது என்று பயிற்சிப் பெண் கேட்டார். எல்லோரும் அண்ணியைப் பார்த்தோம்.

"எனக்குப் பாட்டு வராது," என்றா அண்ணி. "கதைச்ச காலத்திலயும் என்னோட பெரிசாக் கதைக்காத மனுசன். இப்ப நான் பாட வேணுமாம்." மதுரா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நானும் சொன்னேன். சோறு குடுக்கிறன், கால் பிடிச்சு விடுறன், பாட மட்டும் கேளாதையுங்கோ என்றுவிட்டா. எனக்கு அதுதான் மனதில் கிடந்தது. இரண்டு கிழமையும் நானே பதில் சொன்னேன்.

புறப்படும் நாள் காலை, பெட்டியோடு வைத்தியசாலைக்குப் போனோம். மதுரா அங்கிருந்து என்னை விமானத்துக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். அண்ணி வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தா.

அண்ணன் பாடினார். "தே…த்…தண்ணி…" நல்ல ராகம். நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே சாரதி இல்லாத வண்டி ஒன்று நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரா வாய் திறக்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அண்ணன் காத்திருந்தார். அந்த நிறுத்தம் நீளமாக இருந்தது. எனக்குப் பதில் வரி நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

அண்ணி கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தா. திரும்பவில்லை. "ஊத்து…றன்… பொறுங்…கோ…" என்றா. பாட்டு என்று அதைச் சொல்ல முடியாது. தாளம் இல்லை, ராகமும் இல்லை.

அண்ணன் கட்டில் கம்பியில் அடித்தார். தலையை ஆட்டினார்.

அண்ணி கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "இதிலயும் பிழை பிடிக்கப்போறாரோ?"

"ஓம் அண்ணி," என்றேன். "இனி விடமாட்டார்."

அண்ணன் முதலிலிருந்து தொடங்கினார். நான் அவர் காலைத் தொட்டுவிட்டுப் பெட்டியை எடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடையில் மின்தூக்கி வரும் வரை இருவரின் குரலும் கேட்டது. இரண்டாம் முறையும் பிழை. மூன்றாம் முறை ஓரளவு சரியாக வந்தது.